நியூக்கா, ஃபியூஷனா, ஆஃப்டர் எஃபெக்ட்ஸா: சிறு விஎஃப்எக்ஸ் ஸ்டூடியோவின் லைசென்ஸ் கணக்கு

ஐந்தாறு பேர் உட்கார்ந்து காம்ப் (பல படங்களை ஒன்றாக ஒட்டுவது), ரோட்டோ (உருவத்தின் விளிம்பைப் பிரேம் பிரேமாக வரைந்து பிரிப்பது), பெயின்ட் (வேண்டாததை அழிப்பது) வேலை பார்க்கும் ஸ்டூடியோ ஒன்று மென்பொருள் வாங்கக் கிளம்பினால், விலைப் பட்டியலைத் திறக்கும் முன்பே ஒரு கேள்விக்குப் பதில் கையில் இருக்க வேண்டும். வேலை கொடுத்தவரிடம் திருப்பிக் கொடுக்கப் போவது என்ன? முடிந்த பிரேம்கள் மட்டுமா, அவற்றை ஒட்டிய முறை பதிந்திருக்கும் காம்ப் ஸ்கிரிப்டும் சேர்த்தா?

பிரேம்கள் மட்டும்தான் என்றால் ஷாட்டை எதில் செய்தீர்கள் என்று யாரும் கேட்கப் போவதில்லை. ஓப்பன் இஎக்ஸ்ஆர் என்ற பட ஃபைல்களின் சீக்வென்ஸ் சரியான கலர் ஸ்பேஸில், சரியான பிரேம் எண்ணில், கேட்ட சேனல்களோடு போய்ச் சேர்ந்தால் வேலை முடிந்தது. உள்ளூர்ப் படங்களுக்கு நேரடியாகச் செய்யும் ஷாட்டுகள் பெரும்பாலும் இப்படித்தான் போகின்றன. ஸ்கிரிப்டும் வேண்டும் என்று லண்டனிலோ வான்கூவரிலோ இருக்கும் ஸ்டூடியோ சொல்லிவிட்டால், அது நியூக் என்ற காம்ப் மென்பொருளின் ஸ்கிரிப்ட் என்றுதான் பொருள். சென்னை, ஹைதராபாத் வென்டர்கள் வெளிநாட்டு வேலையாக எடுக்கும் ரோட்டோ, பிரெப் (காம்ப்புக்கு முன் காட்சியைச் சுத்தம் செய்வது) ஷாட்டுகளில் இந்த வகை ஏராளம். அங்கே விலையை ஒப்பிட்டுப் பயனில்லை. எத்தனை சீட் (ஒருவர் ஒரு நேரத்தில் பயன்படுத்தும் லைசென்ஸ்) நியூக் இல்லாமல் சமாளிக்கலாம் என்பதுதான் கணக்கு.

இந்த ஒரு பதிலை வைத்தே மீதி எல்லாவற்றையும் பார்ப்போம்.

ஒரே வேலை, பல மடங்கு விலை

ஃபியூஷன் ஸ்டூடியோ என்ற மென்பொருள் 295 டாலர். ஒருமுறை கட்டினால் போதும். இதுவரை வந்த புதிய பதிப்புகளுக்குத் தனியாகப் பணம் கேட்கவும் இல்லை. நியூக்கின் அடிப்படைப் பதிப்பு சீட்டுக்கு ஆண்டுக்கு மூவாயிரம் டாலருக்கு மேல். நியூக்-எக்ஸ், நியூக் ஸ்டூடியோ என்று மேலே போகப் போக அதுவும் ஏறும். நிரந்தர லைசென்ஸ் புதிதாக விற்பதை அதன் நிறுவனமான ஃபவுண்ட்ரி நிறுத்திவிட்டது, வாடகை மட்டும்தான். ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் தனியாக எடுத்தால் அமெரிக்கக் கணக்கில் மாதம் 23 டாலரை ஒட்டி வரும். 2013இல் கிரியேட்டிவ் கிளவுட் திட்டத்துக்கு மாறியதிலிருந்து அடோபியிடமும் வாடகைதான்.

மூன்றும் படத்தின் மேல் படத்தை வைத்து ஒட்டுகிற மென்பொருள்கள்தானே, இவ்வளவு வித்தியாசம் எப்படி வந்தது? தரம் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், விற்பவருக்குச் சோறு போடுவது எது என்பது.

இந்தத் துறையின் விலைச் சண்டைகளில் ஷேக் என்ற காம்ப் மென்பொருளின் கதையை மறக்கக் கூடாது. 2000ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் பெரிய படங்களின் காம்ப் பெரும்பாலும் ஷேக்கில்தான் நடந்தது. அதை உருவாக்கிய நத்திங் ரியல் நிறுவனத்தை 2002 பிப்ரவரியில் ஆப்பிள் வாங்கியது. விண்டோஸ் பதிப்பை நிறுத்தியது. மேக் பதிப்பின் விலையை லினக்ஸ் பதிப்பின் விலையில் பாதியாக்கியது. மேக் மெஷின் விற்க வேண்டும், அவ்வளவுதான். 2006 ஜூனில் விலை 499 டாலருக்கு இறங்கியது. ஆயிரக்கணக்கில் விற்ற சரக்கு ஐந்நூறுக்குக் கிடைக்கிறதே என்று பலர் மகிழ்ந்தார்கள். மேற்கொண்டு வளர்ச்சி கிடையாது, வேண்டுமானால் பெரிய ஸ்டூடியோக்கள் 50,000 டாலர் கொடுத்து சோர்ஸ் கோடை வாங்கிக்கொள்ளலாம் என்பதும் அதோடு சேர்ந்தே வந்த செய்தி. 2009 ஜூலையில் ஷேக் கடையிலிருந்தே எடுக்கப்பட்டது.

அந்த இடைவெளியில்தான் நியூக் நுழைந்தது. டிஜிட்டல் டொமைன் ஸ்டூடியோ 1993இலிருந்து தன் சொந்த வேலைக்கு எழுதி வளர்த்த மென்பொருள் அது. 2007இல் அதன் பொறுப்பு லண்டன் ஃபவுண்ட்ரியிடம் வந்தது. ஷேக்கை நம்பியிருந்தவர்களுக்கு மாறிக்கொள்ள வேறு நல்ல இடம் இல்லை. போட்டியாளர் தோற்று விலகவில்லை, தானே கடையைக் கட்டிவிட்டுப் போய்விட்டார். நியூக்கின் இன்றைய விலைக்கு அடித்தளம் அங்கேதான் இருக்கிறது. அதன்பின் ஃபவுண்ட்ரி கைமாறிக்கொண்டே வந்தது: 2011இல் கார்லைல், 2015இல் ஹெச்ஜி கேப்பிட்டல், 2019இல் 41 கோடி பவுண்டுக்கு ரோப்பர் டெக்னாலஜீஸ். அத்தனை பணம் போட்டு வாங்கியவர்களுக்கு ஆண்டுதோறும் தவறாமல் வரும் வாடகை பிடிக்கும். நிரந்தர லைசென்ஸ் மறைந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஃபியூஷன் நேர் எதிர்த் திசையில் போனது. 1980களின் இறுதியில் சிட்னியில் பிறந்து, டொரன்டோவின் ஐயான் நிறுவனத்தில் வளர்ந்தது. 2014 செப்டம்பரில் பிளாக்மேஜிக் டிசைன் வாங்கியது. சில வாரங்களிலேயே இலவசப் பதிப்பு வந்தது; ஸ்டூடியோ பதிப்பு 995 டாலர். 2017இல் அதையும் 299 ஆக்கினார்கள். பிளாக்மேஜிக் கேமரா, கேப்சர் கார்டு, ஸ்விட்சர் விற்கிற கம்பெனி. 2009இல் டாவின்சியை வாங்கியபோதும் இதையேதான் செய்தது: லட்சக்கணக்கான டாலருக்கு வன்பொருளோடு சேர்த்து விற்றுக்கொண்டிருந்த கலர் கிரேடிங் சிஸ்டத்தை அடுத்த ஆண்டே 995 டாலர் மென்பொருளாக்கியது, 2011இல் இலவசப் பதிப்பும் கொடுத்தது. இன்று அவர்களுடைய பாக்கெட் சினிமா கேமரா வாங்கினால், அந்த மென்பொருளின் கட்டணப் பதிப்பான ரிசால்வ் ஸ்டூடியோவின் லைசென்ஸ் பெட்டிக்குள்ளேயே வருகிறது.

அப்படியானால் ஃபியூஷனுக்கும் ஷேக்கின் கதி வராதா? வரலாம். வன்பொருள் விற்பவர் கையில் இருக்கும் மலிவான மென்பொருள் என்ற வகையில் இரண்டும் ஒன்றே. தனி ஃபியூஷனைவிட ரிசால்வுக்குள் இருக்கும் ஃபியூஷன் பக்கத்தின் மேல்தான் கம்பெனிக்குக் கண் அதிகம் என்பதும் தெரிகிறது. ஆனால் நாளையே நிறுத்தினாலும், வாங்கிய லைசென்ஸ் அந்த மெஷினில் ஓடிக்கொண்டிருக்கும். வாடகை மென்பொருளில் ஒரு தவணை தவறினால், மூன்று ஆண்டுக்கு முன் செய்த ஷாட்டைக்கூடத் திறந்து பார்க்க முடியாது. மலிவான சரக்கு நின்றுபோகும் ஆபத்தையும் விலையான சரக்கு பூட்டிக்கொள்ளும் ஆபத்தையும் எடைபோட்டால், சிறு ஸ்டூடியோவுக்கு இரண்டாவதுதான் கனம்.

நியூக் எடுத்தால்

முதலில் எந்த நியூக் என்று முடிவு செய்யுங்கள். கீயிங் (பச்சைத் திரையை நீக்குவது), ரோட்டோ, பெயின்ட், 2டி டிராக்கிங், 3டி ஸ்பேஸ், டீப் காம்ப் (பிக்ஸலோடு ஆழத் தகவலும் வைத்து ஒட்டுவது) எல்லாம் சாதா நியூக்கிலேயே உண்டு. கேமரா டிராக்கர், ஸ்மார்ட் வெக்டர், காப்பிகேட் போன்றவை நியூக்-எக்ஸில். ஐந்து பேருக்கும் நியூக்-எக்ஸ் வேண்டும் என்று வரும் பட்டியலை அப்படியே ஏற்காதீர்கள். நியூக்-எக்ஸ் நோடுகள் (காம்ப்பில் ஒவ்வொரு செயலுக்கும் போடும் பெட்டிகள்) உள்ள ஸ்கிரிப்டை சாதா நியூக்கில் திறக்கலாம், ரெண்டரும் செய்யலாம். அந்த நோடுகளைப் புதிதாகப் போடவும் அவற்றின் அளவுகளை மாற்றவும்தான் முடியாது. ஆகவே கேமரா டிராக் (ஷாட்டில் கேமரா அசைந்த பாதையைக் கணக்கிடுவது) போடுவதற்கு ஒருவர் மட்டும் நியூக்-எக்ஸில் உட்கார்ந்து, கேமராவை அலெம்பிக் ஃபைலாகவோ எஃப்பிஎக்ஸ் ஃபைலாகவோ எடுத்துக் கொடுத்தால் மற்ற நால்வரும் சாதா நியூக்கில் வேலையை முடிக்கலாம்.

அடுத்தது ரெண்டர் லைசென்ஸ். முதல்முறை வாங்குபவர்கள் இதைக் கணக்கில் விட்டுவிடுவார்கள். கமாண்ட் லைனில் மைனஸ் எக்ஸ் (-x) போட்டு ரெண்டர் விட்டால், நியூக் தேடுவது தனியாக விற்கப்படும் ரெண்டர் லைசென்ஸை. அது இல்லாவிட்டால் ஆர்ட்டிஸ்ட் மெஷின் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்து ரெண்டர் மெஷினில் மட்டும் லைசென்ஸ் கிடைக்கவில்லை என்று ஃபெயில் ஆகும். மைனஸ் ஐ-யும் (-i) சேர்த்துக் கொடுத்தால், ஆர்ட்டிஸ்ட் உட்கார்ந்து வேலை செய்யும் இன்டராக்டிவ் லைசென்ஸைப் பிடித்துக்கொண்டு ரெண்டர் போகும். இரவில் ஆள் இல்லாத நேரத்தில் இது வசதிதான். காலையில் ரெண்டர் முடியாமல் இழுத்தால், வேலைக்கு வந்தவருக்கு சீட் இருக்காது.

ஃப்ளோட்டிங் லைசென்ஸ் (எந்த மெஷினிலிருந்தும் எடுத்துக்கொள்ளும் பொது லைசென்ஸ்) என்றால், அதைப் பகிர்ந்து கொடுக்கும் ஆர்எல்எம் சர்வர் வேண்டும். லைசென்ஸ் ஃபைல் அந்த சர்வரின் சிஸ்டம் ஐடியோடு கட்டப்பட்டிருக்கும். அது நெட்வொர்க் கார்டுக்கே உரிய மேக் அட்ரஸ் என்ற எண்தான். வைஃபை அடாப்டரின் எண்ணையோ விபிஎன் போட்டுக்கொடுத்த மெய்நிகர் அடாப்டரின் எண்ணையோ அனுப்பிவிட்டால், விபிஎன் அணைந்த அன்றே லைசென்ஸும் அணைந்துவிடும். மதர்போர்டில் இருக்கும் ஈதர்நெட் போர்ட்டின் எண்ணைக் கொடுங்கள். இன்னொரு தொல்லை ஃபயர்வால். சர்வரின் முக்கிய போர்ட்டைத் திறந்துவிட்டும் மெஷின்களுக்கு லைசென்ஸ் போகவில்லை என்றால், ஐஎஸ்வி சர்வருக்கு (மென்பொருள் நிறுவனத்துக்கென உள்ளே ஓடும் துணை சர்வர்) நிலையான போர்ட் எண் கொடுக்காமல் விட்டிருப்பார்கள். ஒவ்வொரு ரீஸ்டார்ட்டுக்கும் அது வேறு போர்ட்டுக்குத் தாவும். லைசென்ஸ் ஃபைலில் ஐஎஸ்வி வரியில் போர்ட்டை எழுதி, அதையும் ஃபயர்வாலில் திறக்க வேண்டும்.

ஃப்ளோட்டிங்கின் பெரிய லாபம் ஷிஃப்ட். பகலில் ஐவர், இரவில் ஐவர் என்று ஓடும் ஸ்டூடியோவுக்கு ஐந்து சீட் போதும். நோடு-லாக் வாங்கினால் லைசென்ஸ் எந்த மெஷினில் இருக்கிறதோ அங்கேதான் ஆள் உட்கார முடியும்.

ஃபியூஷன் எடுத்தால்

ரிசால்வுக்குள் இருக்கும் ஃபியூஷன் பக்கமும் தனியாக ஓடும் ஃபியூஷன் ஸ்டூடியோவும் ஒன்றே என்று நினைத்து வாங்குபவர்கள் உண்டு. நோடுகள் பெரும்பாலும் ஒன்றுதான், வேலை செய்யும் முறை வேறு. ஷாட் ஷாட்டாக இஎக்ஸ்ஆர் வாங்கி இஎக்ஸ்ஆர் கொடுக்கிற வேலைக்குத் தனி ஃபியூஷன்தான் சரி: லோடரில் எடுத்து, சேவரில் எழுதி, ரெண்டர் மெஷின்களுக்குப் பிரித்து அனுப்பலாம். ரெண்டர் மெஷின்களுக்குத் தனிக் கட்டணம் கிடையாது. எத்தனை மெஷின் வேண்டுமானாலும் போடலாம். நியூக்கோடு ஒப்பிடும்போது இந்த ஒரு வரி ஆண்டுக்கு ஒரு பெருந்தொகையை மிச்சம் செய்கிறது. ரிசால்வ் பக்கத்தில் டைம்லைனும் கலர் மேனேஜ்மென்டும் நடுவில் வந்து நிற்கும். எடிட்டும் கிரேடும் ஒரே கூரைக்குள் செய்யும் விளம்பரப் படங்களுக்கு அது வசதி, வென்டர் வேலைக்குத் தொந்தரவு. ரிசால்வ் ஸ்டூடியோவும் அதே 295 டாலர்தான். அதன் லைசென்ஸில் தனி ஃபியூஷன் ஸ்டூடியோவும் ஓடும். ஆகவே வாங்குவதானால் ரிசால்வ் ஸ்டூடியோவாகவே வாங்குங்கள். இலவச ரிசால்வில் பழகலாம். ஆனால் அதன் அவுட்புட் யுஎச்டி (3840க்கு 2160) அளவோடு நின்றுவிடும். 4096 அகலத்தில் திரையரங்குக்கான டிசிஐ 4கே கேட்டால் கொடுக்க முடியாது.

நியூக்கிலிருந்து வருபவர் ஃபியூஷனில் முதல் வாரம் தடுக்கி விழுகிற இடம் பிரேம் எண். பிளேட் (படமாக்கி வந்த மூலக் காட்சி) 1001இல் தொடங்குவது துறை வழக்கம். ஃபியூஷன் காம்ப் 0இல் தொடங்கும். லோடரில் பிளேட்டைப் போட்டால் 1001ஆம் பிரேம் காம்ப்பின் 0ஆம் பிரேமில் வந்து உட்காரும். சேவர் காம்ப்பின் எண்ணைப் பார்த்து 0000 என்று ஃபைல் எழுதும். பார்த்தால் படம் சரியாக இருக்கும். வாடிக்கையாளரின் கன்ஃபார்மில் (ஷாட்டுகளை எடிட்டில் பொருத்தும் கட்டம்) மட்டும் ஷாட் காணாமல் போகும், இல்லை 1001 பிரேம் தள்ளி நிற்கும். காம்ப் தொடங்கும் முன்பே குளோபல் ரேஞ்சை 1001 ஆக்கி, லோடரின் தொடக்கத்தையும் அங்கே கொண்டுவந்து வைக்க வேண்டும். அதை மறந்து வேலை முடிந்துவிட்டால், சேவரில் சீக்வென்ஸின் தொடக்க எண்ணைத் தனியாகக் குறிக்கும் வசதி இருக்கிறது. அதில் 1001 போட்டு மறுபடி ரெண்டர் விடலாம்.

சேனல் விஷயத்தில் நியூக் இன்னும் மேலே. டிஃப்யூஸ், ஸ்பெகுலர், டெப்த், ஐடி என்று இருபது பாஸ் (3டி ரெண்டரைக் கூறு கூறாகப் பிரித்த படங்கள்) உள்ள இஎக்ஸ்ஆரை ஒரே கம்பியில் கொண்டுபோய் வேண்டிய இடத்தில் ஷஃபிள் செய்வது அதற்குப் பிறவிக் குணம். ஃபியூஷனில் பாஸுக்கு ஒரு லோடர் என்று விரிந்து, காம்ப் பரந்து கிடக்கும். 2025இல் வந்த 20ஆம் பதிப்பில் பல லேயர் இஎக்ஸ்ஆரையும் டீப் படங்களையும் நேரடியாகக் கையாளும் வசதி வந்துவிட்டது. சிஜி பாஸ்கள் அதிகம் வரும் ஸ்டூடியோ பழைய பதிப்பைப் பார்த்து ஃபியூஷனை ஒதுக்கியிருந்தால் மறுபடி ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம்.

ஆள் கிடைப்பதில்தான் ஃபியூஷன் இன்னும் பின்தங்குகிறது. பயிற்சி நிலையங்கள் நியூக் சொல்லிக்கொடுக்கின்றன. வேலை தேடி வருபவர் ஷோரீலில் நியூக் ஸ்கிரிப்ட் காட்டுகிறார். ஃபியூஷன் தெரிந்த ஆளைத் தேடினால் கிடைப்பது அரிது. நியூக் தெரிந்தவரை எடுத்துச் சில வாரம் பழக்கிவிடலாம். நோடு முறை அவருக்குப் புரியும், ஷார்ட்கட்தான் கையில் வராது. அந்த வாரங்களின் சம்பளத்தையும் 295 டாலரோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸும் இலவசங்களும்

டைட்டில், மோஷன் கிராஃபிக்ஸ், போன் ஸ்கிரீன் மாற்றுவது, விளம்பரங்கள் ஆகியவற்றுக்கு ஆஃப்டர் எஃபெக்ட்ஸை அசைக்க முடியாது. மோக்கா என்ற டிராக்கிங் கருவி அதனுடனேயே வருகிறது. நீண்ட படத்தின் காம்ப்புக்கு என்றால் லேயர் அடுக்கே தடை. அறுபது லேயர், அதற்குள் பிரீகாம்ப் (பல லேயரை ஒன்றாகச் சுருட்டியது), அதற்குள் இன்னொன்று என்று போனபின் வேறொருவர் எடுத்துத் திருத்துவது சித்திரவதை. புராஜெக்ட் 8 பிட்டில்தான் திறக்கும். 32 பிட்டுக்கு மாற்றாமல் இஎக்ஸ்ஆரைப் போட்டால் ஹைலைட் எல்லாம் வெட்டுப்பட்டுப் போகும். ஒரு நல்ல விஷயம்: டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் ஏஇ ரெண்டர் ஒன்லி நோடு என்ற பெயரில் வெறும் டெக்ஸ்ட் ஃபைல் ஒன்றை, சொற்களுக்கு நடுவே அண்டர்ஸ்கோர் போட்டு, வைத்துவிட்டால் அந்த மெஷின் லைசென்ஸ் கேட்காமல் ரெண்டர் மட்டும் செய்யும். வெளியே வாங்கிய பிளக்-இன்களுக்கு இது செல்லாது.

இலவச 3டி மென்பொருளான பிளெண்டரின் காம்ப்பாசிட்டர் அதன் சொந்த 3டி ரெண்டர்களை ஒட்டப் போதும். பிரான்சின் இன்ரியா ஆய்வு நிறுவனத்தில் பிறந்த இலவச மென்பொருள் நாட்ரான் நியூக் போலவே இருக்கும், படிக்க நல்லது. வளர்ச்சி மெதுவாகிவிட்டதால் டெலிவரி வேலையை அதன்மேல் ஏற்ற வேண்டாம்.

இண்டி பதிப்பின் கண்ணி

ஆண்டு வருமானம் ஒரு லட்சம் டாலருக்குள் இருப்பவர்களுக்கு நியூக் இண்டி ஐந்நூறு டாலர் அளவில் கிடைக்கிறது. நியூக் ஸ்டூடியோவின் கருவிகள் அதில் இருக்கின்றன, அவுட்புட் 4கே வரை. டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தால் வரம்பு 85 லட்சம் ரூபாய். இங்கே பல சிறு ஸ்டூடியோக்கள் அதற்குள் அடங்கிவிடும். பார்க்கப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது போலத்தான்.

ஆனால் இண்டி சேமிப்பது வேறு ஃபைல் வகை. சாதா நியூக் ஸ்கிரிப்ட் வெறும் எழுத்து. நோட்பேடில் திறந்து பிளேட்டின் பாத்தை மாற்றலாம். இண்டியின் ஸ்கிரிப்ட் பூட்டப்பட்டது. ஸ்கிரிப்டும் சேர்த்துக் கேட்கும் வாடிக்கையாளரிடம் அதைக் கொடுத்தால் அவருடைய கமர்ஷியல் நியூக்கில் திறக்காது. அதாவது எந்தக் காரணத்துக்காக நியூக் வாங்கினோமோ அந்தக் காரணத்துக்கே இண்டி உதவாது. பிரேம்கள் மட்டும் கொடுக்கும் தனி ஆளுக்கு அது அருமையான பேரம். பைப்லைன் வைத்து ஓடும் ஸ்டூடியோவுக்கு இல்லை. இலவச நான்-கமர்ஷியல் பதிப்பிலும் இதே பூட்டு, கூடவே 1920க்கு 1080 வரம்பு. காசு வாங்கும் வேலைக்கு அதைத் தொடவே கூடாது.

எஃபெக்ட்ஸ் மென்பொருளான ஹூடினியிலும் இதே தர்க்கம்தான். முந்நூறு டாலருக்குள் வரும் இண்டியில் சேமித்த ஃபைலைக் கமர்ஷியல் ஹூடினியில் திறந்தால், திறந்த செஷனே இண்டி நிலைக்கு இறங்கிவிடும். ஃப்ரீலான்சர் ஒருவர் தன் வீட்டு இண்டியில் செய்து அனுப்பிய ஒரே ஒரு அசெட், பெரிய சீன் ஃபைல் முழுவதையும் தொற்றிக்கொள்ளும். எஃபெக்ட்ஸ் வேலையை வெளியே கொடுக்கும்போது எந்த லைசென்ஸில் செய்வார் என்பதை முதல் நாளே எழுத்தில் வாங்குவது நல்லது. ஹூடினியைத் தயாரிக்கும் சைட்எஃப்எக்ஸ் இன்னும் நிரந்தர லைசென்ஸும் விற்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தச் சந்தையில் அது இப்போது அபூர்வம்.

ரூபாயில் போட்டுப் பார்த்தால்

ஐந்து சீட், மூன்று ஆண்டு, டாலருக்கு 85 ரூபாய், வரி நீங்கலாக என்று வைத்துக்கொள்வோம். ஃபியூஷன் 1,475 டாலர், அதாவது சுமார் ஒன்றேகால் லட்ச ரூபாய். நியூக்கை ஆண்டுக்கு 3,000 டாலர் என்று குறைத்தே வைத்தாலும் 45,000 டாலர். 38 லட்சத்து 25 ஆயிரம் ரூபாய். ரெண்டர் லைசென்ஸ் இதில் சேரவில்லை. நான்கு ஃபியூஷன், ஒரு நியூக் என்று கலந்தால் 10,180 டாலர். எட்டே முக்கால் லட்சத்துக்குள் முடியும்.

நியூக் சீட் ஒன்றுக்கு மாதம் 21,250 ரூபாய் விழுகிறது. இது இங்கே ஒரு ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்டின் சம்பளத்தோடு போட்டி போடும் தொகை. லண்டனில் இதே சீட் ஆளின் சம்பளத்தில் சின்னத் துண்டு. விலை உலகத்துக்கெல்லாம் ஒன்று, சம்பளம் ஊருக்கு ஊர் வேறு. வெளிநாட்டு ஸ்டூடியோவுக்கு ‘ஆர்ட்டிஸ்ட்டின் நேரத்தை மிச்சப்படுத்துகிறது, அதனால் விலை நியாயம்’ என்று எடுபடும் வாதம் இங்கே எடுபடாததற்குக் காரணம் இதுதான்.

வரி 18 சதவீத ஜிஎஸ்டி. ஜிஎஸ்டி பதிவு உள்ள ஸ்டூடியோ வெளிநாட்டு நிறுவனத்திடம் நேரடியாக வாங்கினால் ஜிஎஸ்டி எண்ணைக் கொடுத்து, ரிவர்ஸ் சார்ஜில் தானே கட்டி, இன்புட் கிரெடிட் எடுத்துக்கொள்ளலாம். எண்ணைக் கொடுக்க மறந்தால் விற்பவர் வரியைப் போட்டு பில் அனுப்பிவிடுவார்; அதில் கிரெடிட் எடுப்பது தலைவலி. வெளிநாட்டு வேலை செய்பவர்கள் எல்யுடி (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்யக் கொடுக்கும் உறுதிக் கடிதம்) போட்டு வரியில்லாமல் பில் அனுப்பினால், தேங்கிய கிரெடிட்டை ரீஃபண்டாகக் கேட்கலாம். இந்தப் பணத்தை ராயல்டி என்று கருதி டிடிஎஸ் பிடிக்க வேண்டுமோ என்று பழைய பயம் ஒன்று உண்டு. வெளிநாட்டு மென்பொருளுக்குக் கொடுக்கும் பணம் ராயல்டி ஆகாது என்று எஞ்சினியரிங் அனாலிசிஸ் வழக்கில் 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனாலும் உங்கள் ஒப்பந்தத்தை ஆடிட்டர் ஒருமுறை பார்க்கட்டும்.

வாடகை தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் என்று கார்டைக் கொடுத்துவிட்டு மறந்துவிடாதீர்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட தானியங்கிக் கட்டணத்துக்கு ஒவ்வொரு முறையும் ஓடிபி வேண்டும். ஆண்டுக் கட்டணம் அந்த வரம்பைத் தாண்டும். கார்டுக்காரர் விடுப்பில் இருந்தால் டெலிவரிக்கு முந்தைய நாள் ஐந்து மெஷினும் ஒன்றாக நிற்கும்.

எவ்வளவு காலத்துக்கு எடுப்பது? வேலை ஓட்டம் சீராக இருந்தால் ஆண்டுக் கணக்கு மலிவு. 2023 மே மாதம் தொடங்கிய எழுத்தாளர் வேலைநிறுத்தமும் ஜூலையில் சேர்ந்துகொண்ட நடிகர் வேலைநிறுத்தமும் நவம்பர் வரை ஹாலிவுட்டை முடக்கிப்போட்டபோது, ஆண்டு வாடகை கட்டியிருந்த வென்டர்கள் வேலையில்லாத சீட்டுக்கும் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டு வேலையை நம்பியிருப்பவர்கள் நிச்சயமான சீட்டுகளை மட்டும் ஆண்டுக்கு எடுத்து, கூடுதல் சீட்டைக் காலாண்டு வாடகையில் எடுப்பது பாதுகாப்பு.

கிராக் பதிப்பைப் பற்றி ஒரு வரி. பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவில் தெரிந்தே பயன்படுத்தினால் ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 முதல் இரண்டு லட்சம் வரை அபராதம். சட்டம் வருமுன்பே வாடிக்கையாளரின் ஆடிட் வந்துவிடும்.

இணையம் இல்லாத அறை

பெரிய ஸ்டூடியோ படங்களுக்கு வேலை செய்ய டிபிஎன் (டிரஸ்டட் பார்ட்னர் நெட்வொர்க்) பாதுகாப்பு மதிப்பீட்டுக்குப் போனால், ஆர்ட்டிஸ்ட் மெஷின்களுக்கு இணையம் இருக்கக் கூடாது. அன்றைக்குத்தான் லைசென்ஸ் வகை முக்கியமாகிறது. லாகின் கேட்டு அடிக்கடி வெளியே பேசும் மென்பொருள் அங்கே ஓடாது. நியூக்கின் ஆர்எல்எம் சர்வர் உள்ளேயே இருக்கும், சிக்கல் இல்லை. ஃபியூஷனுக்கு ஆக்டிவேஷன் கீயை எடுக்காமல் யுஎஸ்பி டாங்கிள் வாங்குங்கள். கீ இணையம் தேடும், டாங்கிள் தேடாது. டாங்கிள் தொலைந்தால் லைசென்ஸும் தொலைந்தது, ஆகவே கேஸுக்குள் இருக்கும் யுஎஸ்பி போர்ட்டில் மாட்டி மூடிவிடுவது வழக்கம். அடோபியின் சாதாரணச் சந்தா இந்த அறைக்கு ஒத்துவராது.

கலந்து வாங்குவது எப்படி

ரோட்டோ மட்டும் செய்யும் ஸ்டூடியோவுக்கு நியூக் சீட் இவ்வளவு தேவையே இல்லை. சில்லவெட், மோக்கா புரோ என்ற ரோட்டோ மென்பொருள்கள் இரண்டும், வரைந்த ஷேப்புகளை நியூக் வடிவில் எழுதிக் கொடுக்கும். ஆர்ட்டிஸ்ட்டுகள் அவற்றில் வேலை செய்ய, ஒரே ஒரு நியூக் சீட்டை கியூசிக்கு (தரச் சோதனைக்கு) வைத்துக்கொண்டால் போதும். அங்கே பார்க்க வேண்டியது மோஷன் பிளர். ஷட்டரின் அளவு ஒன்றாக இருந்தாலும், ஒன்றில் அது பிரேமின் நடுவிலும் இன்னொன்றில் பிரேமின் தொடக்கத்திலும் நின்றால் வேகமான கையின் விளிம்பில் மேட் (ரோட்டோவில் வெட்டிய வடிவம்) ஒரு பக்கமாக நழுவும். நின்ற பிரேமில் பார்த்தால் தெரியாது. கை வேகமாக வீசும் பிரேமில் நிறுத்தி, பிளேட்டின் மேல் மேட்டை வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டு மென்பொருளும் இன்று ஒரே முதலாளியிடம், போரிஸ் எஃப்எக்ஸிடம் இருக்கின்றன: மோக்கா 2014இல், சில்லவெட் 2019இல், கேமரா டிராக்கிங்கின் சின்ன விலைச் செல்லப்பிள்ளையான சின்த்ஐஸ் 2023இல் போய்ச் சேர்ந்தன. ரோட்டோ, டிராக்கிங் பக்கம் போட்டி சுருங்கி வருகிறது. அங்கே கிடைக்கும் இன்றைய விலையை நிரந்தரம் என்று நம்பிப் பட்ஜெட் போடாதீர்கள்.

காம்ப் செய்யும் ஸ்டூடியோவில் வெளிநாட்டு ஸ்கிரிப்ட் வேலை எத்தனை பேரின் கையில் இருக்கிறதோ அத்தனை நியூக், மற்றவர்களுக்கு ஃபியூஷன். ஒரே ஷாட்டை இரண்டிலும் பாதிப் பாதியாகச் செய்ய மட்டும் முயல வேண்டாம். ஒன்றின் காம்ப் மற்றதில் திறக்காது, நடுவில் பிரேம்களைத்தான் கைமாற்ற வேண்டும். யுஎச்டி ஹாஃப் ஃப்ளோட் (16 பிட்), நான்கு சேனல், கம்ப்ரஷன் இல்லாத ஒரு பிரேம் 66 எம்பி. நூறு பிரேம் ஷாட்டில் ஒரு இடைநிலை ரெண்டருக்கே 6.6 ஜிபி போகும்.

பணம் கட்டுமுன் ஒரு சோதனை ஷாட்டை இரண்டிலும் முழுதாக ஓட்டிப் பாருங்கள்: பச்சைத் திரை, முடி, கேமரா அசைவு உள்ளதாக, வாடிக்கையாளர் கொடுத்த அதே ஓசிஐஓ கன்ஃபிக்கோடு (கலர் அமைப்பு ஃபைல்). 1001இலிருந்து பிரேம் எண் சரியா, கீ போட்ட இடத்தைத் தவிர மற்ற பிக்ஸல்கள் பிளேட்டிலிருந்து துளியும் மாறவில்லையா என்று டிஃபரன்ஸ் போட்டுச் சரிபாருங்கள். நியூக் ஸ்கிரிப்ட் கொடுப்பதானால் கிஸ்மோக்களை (தனி ஃபைலில் சேமித்த சொந்த நோடுகள்) குரூப்பாக மாற்றி, பிளக்-இன் எதுவும் இல்லாத இன்னொரு மெஷினில் திறந்து பாருங்கள். சிவப்பு எர்ரர் வரும் நோடு ஒவ்வொன்றும் வாடிக்கையாளரிடமும் சிவப்பாகத்தான் வரும். ஃபியூஷன் வாங்கினால் அன்றைய பதிப்பின் இன்ஸ்டாலரை சர்வரில் தனியாகச் சேமித்து வையுங்கள். படம் நடுவில் இருக்கும்போது பதிப்பை ஏற்றாதீர்கள்.